தக்களி விழும் சத்தம்

போன ஓணத்துக்குப் புத்தரிக்கண்டம் மைதானத்தில் கதர்க் கண்காட்சி நடந்தது. இதைப் படிக்கிற உங்களில் சிலரையும் அங்கே பார்த்தேன், கூச்சத்தில் நான்தான் ஒதுங்கிப் போய்விட்டேன். நடுவில் பலகை அடித்து, பழைய ராட்டைகளை வரிசையாக வைத்து, ஒரு பெண் நூற்றுக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னோடு வந்தவளுக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க அக்காவுக்கு இதெல்லாம் அறியும். அக்கா, ஒண்ணு இருந்து காட்டுங்க" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொல்லி, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள். முதலில் நூல் நன்றாகத்தான் வந்தது. பிறகு அறுந்தது. அந்த நிமிஷம் நான் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். நூற்றுக் காட்டிய பெண், "சாரமில்ல அம்மச்சி, பிராயம் ஆயில்லே" என்று ஆறுதல் சொன்னாள்.

வயது காரணம் இல்லை. பயம். நம் வயதுக்காரர்கள் பலருக்கு ராட்டையைப் பார்த்தால் கொடி ஞாபகம் வரும், பள்ளிக்கூடப் பிரார்த்தனை ஞாபகம் வரும். எனக்கு அங்கிருந்து ஓடிவிடத் தோன்றும். ஏன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஐந்தாம் கிளாஸ் வரை படித்த தமிழில் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு நீளமான ஓட்டு வீட்டில் இருந்தோம். வற்றல் மிளகாயும் சாக்கும் கயிறும் கலந்த வாடை வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். அப்பாவுக்கு நூலும் கயிறும் விற்கிற கடையில் வேலை. வெளியூருக்குப் போய்ச் சரக்கு கொடுத்து, சரக்கு எடுத்து வருவார். சித்தப்பா பஸ் கண்டக்டர், விடியுமுன் தம்பானூருக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். வீட்டை ஆண்டது அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. அம்மா அத்தை சொன்னதைச் செய்வாள். சித்தி யாரும் சொல்லாததையும் சேர்த்துச் செய்வாள்.

சித்திக்கு இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது தடவை, சித்தப்பா ஒரு சின்னத் துணிப்பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு சந்து வழியாக வேகமாக நடந்து போனதை நான் ஜன்னல் கம்பி வழியே பார்த்தேன். திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பொதி மட்டும் என் மனசுக்குள் அப்படியே கிடந்தது.

நான் ஐந்தாம் கிளாஸ் பரீட்சை எழுதி முடித்த சமயம் சித்தி மறுபடி உண்டாகியிருந்தாள். அத்தை ஜோசியம் பார்க்கிற ஒரு பணிக்கரை வரவழைத்தாள். அவர் சோழியைப் பரப்பி வெகு நேரம் பார்த்துவிட்டு, காப்புச் சரடு கட்டச் சொன்னார். கடை நூல் ஆகாது, அந்த வீட்டில் வயசுக்கு வராத பெண் குழந்தை தன் கையால் நூற்ற நூல் வேண்டும், அதை மூன்று இழையாக முறுக்கி மஞ்சளில் தோய்த்து, மலையாள மாசம் ஒண்ணாம் தேதி சித்தியின் அரையில் கட்ட வேண்டும், அடுத்த ஒண்ணாம் தேதி அதை ஆற்றில் விட்டுவிட்டுப் புதுசு கட்ட வேண்டும், பிரசவம் வரைக்கும் இப்படி. வீட்டில் அந்தக் கணக்குக்கு ஒத்து வந்தவள் நான் ஒருத்திதான்.

தக்களி உங்களுக்கெல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் சுழற்றியதுதான். ஒரு ரூபாய் அகலத்தில் பித்தளைத் தட்டு, நடுவே இரும்புக் கம்பி, நுனியில் சின்னக் கொக்கி, பஞ்சை அதில் மாட்டித் தொங்கவிட்டுச் சுழற்றினால் நூல் வரும். பள்ளிக்கூடத்தில் நூல் அறுந்து அது விழுந்தால் சிரிப்போம். வீட்டில் முதல் நாள் அத்தை என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, கையில் பஞ்சுத் திரியைத் தந்து, குனிந்து என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"இடையிலே அறப்பிடாது, கேட்டியா? நூல் அறுந்தா உள்ளே இருக்கப்பட்டது தங்காது."

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் அந்தத் துணிப்பொதியை நினைத்துக்கொண்டேன். என் விரல்கள் அப்போதே வேர்த்துவிட்டன. வேர்த்த விரலில் பஞ்சு ஒட்டும், ஒரே சீராக இழுக்க வராது. சிறிது நேரத்தில் நூல் அறுந்தது. தக்களி சிமெண்டுத் தரையில் 'டிங்' என்று விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி நின்றது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. அது விழுந்ததும் வீடு முழுவதும் நின்றுவிடும். அம்மாவின் அம்மி நிற்கும். உள் அறையில் சித்தி அரிசி புடைக்கிற முறத்தின் சத்தம் நிற்கும். அத்தை வாசல்படியில் வந்து நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முதல்லேயிருந்து நூலு" என்பாள். அதுவரை நூற்றதை எல்லாம் கழற்றிப் பவுடர் டப்பாவில் போட வேண்டும். கொஞ்சம் கழித்து முறம் மறுபடி சத்தம் போடத் தொடங்கும். அது தொடங்குகிறவரை நான் மூச்சு விடமாட்டேன். சித்தி உயிரோடுதான் இருக்கிறாள் என்பதற்கு எனக்கு அந்த முறம்தான் அடையாளம்.

காலையில் எழுந்ததும் இன்னொரு பயம். அத்தை என் பாவாடையைப் பின்னால் திருப்பிப் பார்த்து, "ஒண்ணும் இல்லியே?" என்று கேட்பாள். என்ன இல்லை என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்று என் மேல் வந்துவிடப் போகிறது, வந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று மட்டும் புரிந்தது. அது எந்தப் பக்கமிருந்து வரும் என்று பாயில் படுத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சித்தப்பா வெள்ளிக்கிழமை தோறும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். தேங்காய் சிதறியதும் எல்லோருக்கும் சந்தோஷம். உடையாவிட்டால்தான் முகம் வாடுகிறார்கள். இங்கே உடைந்தால் நல்லது, வீட்டில் அறுந்தால் கெட்டது, சாமிக்கு இதெல்லாம் குழம்பாதா என்று நினைத்தேன். கேட்கத் தைரியம் இல்லை.

ஜூன் மாசம் இடவப்பாதி மழையோடு பள்ளிக்கூடம் திறந்தது. என்னை அனுப்பவில்லை. ஆறாம் கிளாசுக்கு வேறு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். எங்கள் பழைய டீச்சர் குடையோடு வீட்டுக்கே வந்து கேட்டார். அத்தை, "சித்திக்குப் பிரசவம் கழியட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றாள். டீச்சர் அப்படியே போய்விடவில்லை. மறுநாள் தன்னுடைய பெட்டி ராட்டையைக் கொண்டுவந்தார். மூடினால் புத்தகப் பெட்டி மாதிரி கையில் தூக்கிப் போகலாம். திறந்தால் உள்ளே பெரிய சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு, ஓரத்தில் நூல் ஏறுகிற கதிர். தரையில் வைத்து டீச்சர் சுற்றியதும் நூல் கண்ணுக்கு முன்னால் கிடுகிடுவென்று வந்தது. இதில் நூற்றால் சீக்கிரம் முடியும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கள் என்றார். விழுவதற்கு அதில் தக்களி இல்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன். அத்தை ராட்டையைத் தொடக்கூட இல்லை. பள்ளிக்கூடத்துச் சாமான், பல பேர் கை பட்டது, சரடுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். டீச்சர் பெட்டியை மூடிக்கொண்டு மழையில் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. உலகத்தில் நூல் அறாத ராட்டை ஒன்று எங்கேயாவது இருக்கும். அதை யாராவது அத்தைக்குக் காட்டிக்கொடுத்தால் போதும். சாப்பிடும்போது அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா, அறவே அறாத நூல் எந்த ராட்டிலே நூப்பாங்க?"

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் தானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "எட்டி, நீ என் மோளாக்கும்" என்று சொல்லி, அடுத்து சரக்கு கொடுக்கப் போகும்போது என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு பலராமபுரம் போனார்.

நெசவுத் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து ராட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். பஞ்சே இல்லை. இது நூற்கிற ராட்டு இல்லை, மில் நூல் கட்டான சிட்டத்திலிருந்து சின்னத் தார்க்குச்சியில் சுற்றி, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற ராட்டு என்று அப்பா விளக்கினார். சைக்கிள் சக்கரத்தை வைத்துச் செய்தது. நான் ராட்டைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தேன். சித்தியைவிடப் பெரிய வயிறு. சக்கரம் சுற்றச் சுற்ற வயிறும் லேசாக அசைந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் அறுந்தது.

நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். இப்போது அவள் அலறப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சக்கரத்தை நிறுத்தி, இரண்டு நுனியையும் தேடி எடுத்து, நாக்கில் நனைத்து, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு முடிச்சுப் போட்டு, மறுபடி சுற்றினாள். அடுத்த வீட்டுக்காரியோடு மீன் நல்லதா கெட்டதா என்று பேசிக்கொண்டிருந்தது நிற்கவே இல்லை. திரும்ப அறுந்தது. திரும்ப முடிச்சு. என்னைப் பார்த்து, "எந்தா மோளே, முழிச்சுக்கிட்டு நிக்கே? பேயைக் கண்டியா?" என்று சிரித்தாள். அந்தத் தெரு முழுவதும் எத்தனை ராட்டு, எத்தனை நூல் அறுகிறது, எத்தனை வீட்டில் எத்தனை வயிறு என்று எண்ணிப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. திரும்பும் வழியில் பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா எலுமிச்சம்பழம் வாங்கித் தந்தார்.

அடுத்த தடவை கடினங்குளம் காயல் பக்கம், கயிறு எடுக்க. அழுகப் போட்ட தேங்காய்க் கதம்பலின் நாற்றம் பஸ் நிற்கும் முன்பே வந்துவிட்டது. அங்கே இருந்த ராட்டு ஆள் உயரத்தில் இருந்தது. ஒரு சிறுமி நின்றுகொண்டு கைப்பிடியைச் சுற்ற, இரண்டு பெண்கள் இடுப்பில் தேங்காய் நாரைக் கட்டிக்கொண்டு, நாரை விட்டு விட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனார்கள். பார்க்காமலே பின்னால் போகிறார்களே, காயலில் விழுந்துவிடுவார்களோ என்று அதற்கும் பயந்தேன். ஆனால் அவர்கள் போகப் போகக் கயிறு நீண்டுகொண்டே வந்தது, அறவில்லை. ஒரு துண்டு கொடுத்தார்கள். இழுத்துப் பார்த்தேன், கடித்துப் பார்த்தேன். அறவில்லை. அன்றைக்குத்தான் அந்த வருஷத்தில் எனக்கு நன்றாகப் பசித்தது.

அந்தத் துண்டுக் கயிற்றைப் பாவாடையில் செருகிக் கொண்டுவந்து, சித்தியின் தலையணைக்குக் கீழே வைத்தேன். நூல் கைவிட்டால் இது காக்கும் என்று என் எண்ணம். பாய் சுருட்டும்போது அத்தை கண்டுபிடித்தாள். உண்டான பெண்ணின் தலைமாட்டில் கயிறு. தூக்குக் கயிறு என்றுதான் அவள் கண்ணுக்குப் பட்டது. யார் வைத்தது என்று வீட்டையே உலுக்கினாள். நான்தான் என்று சொன்னதும் அறை விழுந்தது. ஏன் வைத்தாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்ல வந்திருக்குமா, தெரியாது. அத்தை அந்தக் கயிற்றைக் குச்சியால் தூக்கிப்போய் எரித்தாள். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். அத்தை அழுது நான் பார்த்தது அப்போதுதான். அவளும் என்னைப் போலவே பயந்துகொண்டுதான் இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் எல்லோரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம்.

மறுநாள் அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். ஓட்டில் மழை. நான் கன்னம் வீங்க உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்தேன். அறுந்தது. 'டிங்.' முறம் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். முறம் தொடங்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் சித்தி வாசலில் நிற்கிறாள், கையில் பழைய சேலை ஒன்று. அதை நாலாக மடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தக்களி விழுகிற இடத்தில் விரித்தாள்.

"இனி இதிலே விழட்டும். சத்தம் வராது" என்றாள்.

சித்தி சுவரைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கன்னத்தைத் தடவவில்லை, அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"கயிறு எனக்கு வேண்டித்தானே வச்சே?"

தலையாட்டினேன்.

"பயப்பட நான் ஒருத்தி போராதா மக்களே? நீயும் எதுக்கு?"

அறுந்து கிடந்த நூலை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். முறம் சத்தம் போடத் தொடங்கியது. அதற்குப் பிறகு தக்களி எத்தனையோ தடவை அந்தச் சேலையில் விழுந்தது. ஒரு பூ விழுவது போலத்தான் கேட்கும். ஆனால் நான் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான் தொடங்கினேன். பலராமபுரத்துப் பெண்ணைப் போல முடிச்சுப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓணம் கழிந்து மலையாளக் கன்னி மாசம் பிறந்த சமயம் சித்திக்கு வலி கண்டது. ஆட்டோவெல்லாம் அப்போது கிடையாது, காலையில் குதிரை வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். என்னையும் கூட்டிவரச் சொன்னது சித்திதான். அவளைத் தள்ளு கட்டிலில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோகும்போது, நர்ஸ் ஒருத்தி வளையல்களைக் கழற்றச் சொன்னாள். அத்தை சித்தப்பாவைத் தேடி வாசலுக்குப் போயிருந்தாள். அம்மா துணி எடுக்க வண்டிக்குப் போயிருந்தாள். நர்ஸ் சேலையை விலக்கியபோது மஞ்சள் சரடு தெரிந்தது. "இதொந்நும் உள்ளில் பற்றில்ல" என்றாள், இதெல்லாம் உள்ளே ஆகாதாம். அவிழ்க்கப் பார்த்தாள், அத்தையின் முடிச்சு அவிழவில்லை. மார்பில் தொங்கிய கத்திரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு வெட்டி, வளையலோடு சேர்த்துப் பக்கத்தில் நின்ற என் கையில் வைத்துவிட்டு, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

கத்திரி வெட்டிய அந்தச் சத்தம் தக்களியின் சத்தத்தைவிடச் சின்னதுதான்.

நான் அந்த நீள வராந்தாவில் நின்றேன். கையில் சரடு. டெட்டால் வாடை. அத்தை வந்து பார்த்தால் அங்கேயே விழுந்துவிடுவாள். உள்ளே சித்திக்கு இப்போது என்ன ஆகும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது கையைப் பார்த்தேன். சரடின் நடுவில் அத்தை போட்ட முடிச்சு இருந்தது. கட்டுவதற்கு முடிச்சுப் போடாமல் முடியாது அல்லவா? அத்தனை மாசமும் ஒவ்வொரு சரடும் ஒரு முடிச்சோடுதான் சித்தியின் அரையில் கிடந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. நான் வெட்டுப்பட்ட இரண்டு நுனியையும் எடுத்து, நாக்கில் நனைத்தேன். மஞ்சள் கசந்தது. முதலில் முடிச்சு விழவில்லை. பிறகு விழுந்தது. இறுக்கிப் பிடித்து, கையை மூடிக்கொண்டேன்.

அத்தை வந்தாள், அம்மா வந்தாள், சித்தப்பா காக்கிச் சட்டையோடு ஓடி வந்தார். வளையலை வாங்கிக்கொண்டார்கள். மூடிய கையை நான் திறக்கவில்லை. காப்பி வாங்கித் தந்தார்கள், இடது கையால் குடித்தேன். அதற்கு அத்தை திட்டினாள். அப்படியும் திறக்கவில்லை. மத்தியானம் தாண்டி, வெயில் வராந்தாத் தூணைக் கடந்து என் காலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. யாருடைய பிள்ளையோ என்று நினைத்து யாரும் அசையவில்லை. பிறகு அதே நர்ஸ் கதவைத் திறந்து, "பெண்குட்டி" என்றாள்.

சித்தியைப் பார்க்க விட்டபோது என் கையைத் திறந்து காட்டினேன். சித்தி சரடை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு முடிச்சு இருக்கே."

"ஒண்ணு நான் போட்டது."

சித்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாக, "நூல் அறப்பிடாதுன்னு பணிக்கர் சொல்லவே இல்லை. கதவுக்குப் பின்னால நின்னு நான் எல்லாம் கேட்டேன். நீ ஓடி ஆடாம இருக்க அத்தை சொன்னது. எனக்கு அதிலே நம்பிக்கை இல்லை. ஆனாலும் சத்தம் கேட்டா முறம் நின்னு போவும்" என்றாள். சரடை அத்தை கரமனை ஆற்றில் விட்டாள். இரண்டாவது முடிச்சை அவள் பார்த்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷமும் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. "இவளுக்கு ராட்டுன்னா உயிரு" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். நான் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார். கதர் நிலையத்தில் அம்பர் சர்க்காவில் கொண்டுபோய் உட்கார வைத்தார். ஒரு கைப்பிடியைச் சுற்றினால் நாலு கதிரில் நாலு நூல் ஒரே சமயம் ஓடும். ஒன்று அறுந்தால் மற்ற மூன்றும் ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாணம் ஆகும்வரை அங்கே நூற்றேன். நன்றாக நூற்கிறாள் என்று பெயர் எடுத்தேன். அப்பா எனக்குப் பெரிய நன்மை செய்துவிட்டதாகவே கடைசி வரை நினைத்தார். அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கண்காட்சியில் நூல் அறுந்ததும் நான் ராட்டையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, என்னை அங்கே இழுத்து உட்கார வைத்தவளைத்தான் கூட்டத்தில் தேடினேன். சித்தி மகள்தான் அவள். அவளுக்கே இப்போது பேரன் இருக்கிறான். நரைத்த தலையில் முல்லைப்பூ வைத்துக்கொண்டு, ஒரு கையில் சிப்ஸ் பொட்டலமும் மறு கையில் போனுமாக என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, நிறுத்திட்டீங்க? ஒரு முடிச்சுப் போட்டு மேலே சுத்துங்க" என்றாள்.

நான் இரண்டு நுனியையும் தேடி எடுத்து, நாக்கில் நனைத்தேன்.